இளவரசன் இட்ட முட்டைகள்

ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு குகை, குகைக்குள் ஒரு கூண்டு, கூண்டுக்குள் ஒரு கிளி, அந்தக் கிளிக்குள் அரக்கனுடைய உயிர் என்று மற்ற ஊர்களில் பிள்ளைகளுக்குச் சோறூட்டும்போது கதை சொல்வார்கள். செம்பாலங்குடியில் அப்படிச் சொன்னால் பிள்ளைகள் வாயிலிருக்கும் சோறு சிந்தச் சிரிக்கும், ஏனென்றால் அந்த ஊரில் கடல் தாண்டிப் போவது உடம்புதான், உயிர் வீட்டுக் கொல்லையில் தவிடு தின்றுகொண்டிருக்கும்.

இந்த வழக்கத்தை யார் தொடங்கி வைத்தார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்களே தவிர, செய்முறையில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. வேலைக்கு வெளிநாடு போகிறவர் விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் குளித்து, தயிர்சோறு சாப்பிட்டு, கொல்லையில் உட்கார்ந்து, மடியில் ஒரு சேவலை வைத்து, அதன் அலகை மெல்லப் பிளந்து, மூன்று முறை மூச்சு விடவேண்டும். மூன்றாவது மூச்சுக்கு ஒரே ஒரு விக்கல் வரும், அது அடங்கினால் உயிர் இடம் மாறிவிட்டது என்று அர்த்தம், அதற்கப்புறம் அவர் நிம்மதியாகப் பெட்டியைக் கட்டலாம். அப்படிப் போன உடம்புக்கு எதுவும் ஆகாது. வடக்குத்தெரு ஆள் ஒருவர் ஷார்ஜாவில் ஒன்பதாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்து, எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, டீ குடித்துவிட்டுத்தான் விழுந்த விஷயத்தையே மேஸ்திரியிடம் சொன்னார்.

முதலில் கிளியில்தான் வைத்திருந்தார்கள். கிளி வளர்க்கக் கூடாது என்று சட்டம் வந்து, பதினோரு வீட்டுக் கிளிகளைப் பிடித்துக் காட்டில் பறக்க விட்டுவிட்டார்கள். அந்தப் பதினோரு பேரும் இன்றைக்குவரை ஊர் திரும்பவில்லை, ஒரு வேலையிலும் நிற்காமல் கிளைக்குக் கிளை தாவுகிறார்கள், கொய்யாப்பழத்தைக் கண்டால் விடுவதில்லை என்று கேள்வி. அதிலிருந்துதான் சேவலுக்கு மாறினார்கள்.

ஊரும் அதற்குத் தக்கபடி தன்னைத் திருத்திக்கொண்டது. செம்பாலங்குடியில் நாய் கிடையாது. தீபாவளிக்கு வெடி கிடையாது. கறிக்கோழிக் கடை வைக்க வந்தவனை ஊர் எல்லையிலேயே மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். வீட்டுச் சேவலுக்குக் கழிச்சல் நோய் வந்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் "எங்கள் அப்பாவுக்கு வெள்ளைக்கழிச்சல் என்பதால் இரண்டு நாள் விடுப்பு வேண்டுகிறேன்" என்று கடிதம் எழுதும், தலைமையாசிரியையும் சலிக்காமல் கையெழுத்துப் போடுவார். செவ்வாய்க்கிழமை தோறும் மாட்டு டாக்டர் வந்து, வரிசையாக நிற்கும் மாமியார்களிடம், உங்கள் மகன் நன்றாக இருக்கிறார், கொஞ்சம் மணல் மட்டும் கொத்தவிடுங்கள், ஜீரணத்துக்கு நல்லது என்று சொல்லிவிட்டுப் போவார்.

பெண்டாட்டிகளுக்கு ஒரே ஒரு விதிதான், ஆனால் அது கழுத்தைவிட்டு இறங்காத விதி. புருஷன் திரும்பி வருகிறவரை பறவையைப் பிரிந்து ஒரு ராத்திரிகூட இருக்கக் கூடாது. அக்கா பிரசவம், தம்பி கல்யாணம், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், எதுவானாலும் பொழுது சாய்வதற்குள் கொல்லையில் இருக்கவேண்டும். வளர்மதி என்று ஒருத்தி, சொந்த அப்பாவின் சாவுக்குப் போய் ஓர் இரவு தங்கிவிட்டாள்; அந்த வாரமே சேவலைக் கீரி கடித்தது, மஸ்கட்டில் புருஷன் போய்ச் சேர்ந்தான். ஆறு வருஷமாகிறது, இன்னும் அவளுக்கு ஊரில் கீரிக்காரி என்றுதான் பெயர், தினமும் காலையில் அந்தக் காலிக் கூண்டை அவள் கூட்டித் துடைத்து வைக்கவேண்டும் என்பது ஊர் போட்ட தண்டனை.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் பொற்கொடி வாழ்க்கைப்பட்டு வந்தாள். பொற்கொடிக்கு இருபத்தேழு வயது, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள், பதினாலு வயதிலேயே மாமாவின் டிராக்டரை ஓட்டி நடவு வயலை உழுதவள். அவள் புருஷன் பெயர் இளவரசன். பெயருக்கேற்றபடி எல்லாம் ஒருபடி தூக்கலாக இருக்கவேண்டும் அவனுக்கு. ஊரெல்லாம் சேவல் வைத்திருக்கிறது, நான் மட்டும் ஏன் சேவல் வைக்கவேண்டும் என்று வியாழக்கிழமைச் சந்தைக்குப் போய் ஒரு வான்கோழியைத் தேர்ந்தெடுத்தான். கூடப்போன பொற்கொடி, ஆணுக்கு மூக்குமேல் சதை நீளமாகத் தொங்கும், நெஞ்சில் கொத்தாக முடியிருக்கும், இதற்கு ரெண்டும் இல்லை, இது பெட்டை என்று சொன்னாள். அவன் பறவையின் கண்ணைப் பார்த்தான், பறவை அவன் கண்ணைப் பார்த்தது.

"உனக்கென்ன தெரியும்? எப்படி மொறைக்குது பாரு. இது ஆம்பளதான்" என்றான்.

மூன்று மூச்சு, ஒரு விக்கல், தை மாசம் குவைத்துக்குப் போய்விட்டான்.

அன்றிலிருந்து பொற்கொடி காலையில் எழுந்ததும் இளவரசனுக்குத் தண்ணீர் வைப்பாள், இளவரசனுக்கு முருங்கைக்கீரை நறுக்கிப் போடுவாள், இளவரசன் கழிந்ததை மாமியார் ருக்குமணி ஒரு குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கான் என்று சொன்னபிறகுதான் கொல்லையைக் கூட்டுவாள். சாயங்காலம் குவைத்திலிருந்து வீடியோ கால் வரும். முதலில் அவன் வான்கோழியைப் பார்ப்பான். அடுத்து ஐந்து வயசு மகள் மிருதுளாவைப் பார்ப்பான். அப்புறம் பொற்கொடியைப் பார்த்து, பின்னால் என்ன பைக் சத்தம், யார் வந்தது, மத்தியானம் போன் பண்ணினேன் ஏன் எடுக்கவில்லை, யாரோடு பேசிக்கொண்டிருந்தாய் என்று வரிசையாகக் கேட்பான். கேட்டு முடித்தால் கால் முடிந்துவிடும்.

வைகாசி நடுவில் பொற்கொடிக்கு ஒரு கடிதம் வந்தது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஏற்றிவர வேன் வாங்கியிருக்கிறார்கள், ஓட்டுவதற்குப் பெண் வேண்டும், அவள் விண்ணப்பம் போட்டிருந்தாள், எடுத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை, தஞ்சாவூரில் நாற்பத்தைந்து நாள் கனரக வாகனப் பயிற்சி, அங்கேயே தங்கவேண்டும், ஆனி பதினைந்தாம் தேதி வந்து சேராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அவள் அந்தக் கடிதத்தை அரிசி டிரம்முக்கு மேல் காந்தம் வைத்து ஒட்டி, போகவர அதை ஒரு தடவை படித்தாள். கிளட்ச், கியர், ஸ்டியரிங் என்று அதில் எழுதியிருக்கவில்லைதான், ஆனால் அவளுக்குப் படிக்கும்போது கேட்டது.

இளவரசனிடம் சொன்னாள். அவன் கத்தின கத்தில் கொல்லையில் வான்கோழிக்கு வால் விரிந்துவிட்டது. உயிரை அநாதையாக விட்டுவிட்டுப் போகிறவள் மனுஷியா என்றான், கீரிக்காரியின் கதை தெரியாதா என்றான், கடைசியாக ஒரே சொல்லில் வேண்டாம் என்றான்.

மூன்றாம் நாள் காலையில் இளவரசன் முட்டை போட்டான்.

தவிட்டு நிறத்தில் புள்ளி புள்ளியாக, கோழிமுட்டையைவிட ஒன்றரை மடங்கு பெரிசாக, சூடாக வைக்கோலில் கிடந்தது. ருக்குமணி அதைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்தாள். மகன் முட்டையிட்ட சேதி பத்து மணிக்குள் ஊரெல்லாம் பரவி, பதினொரு மணிக்குக் குவைத்துக்குப் போக, இளவரசனோடு அறையிலிருந்த ஆறுபேரும் கட்டிலில் புரண்டு சிரித்தார்கள். இளவரசன் மட்டும் தலை நிமிர்ந்து, அது சேவல்தான், சேவல் முட்டை போடக்கூடாது என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று கேட்டான்.

சாயங்காலம் ஊராட்சி அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். செம்பாலங்குடிக்குத் தலைவர் சரோஜா. கூட்டத்தில் பேசுவது, தீர்மானம் போடுவது, மாலை வாங்கிக்கொள்வது எல்லாம் அவருடைய வீட்டுக்காரர் தண்டபாணி. முட்டையை ஒரு தட்டில் அரிசி பரப்பி நடுவில் வைத்திருந்தார்கள். இதுவும் இளவரசனா இல்லையா என்பதுதான் கேள்வி. இளவரசனென்றால் அடைகாக்க வைக்கவேண்டும், வைத்தால் வருஷத்துக்கு நாற்பது இளவரசன் பொரியும், இருக்கிறது ஒண்ணேகால் மா நிலம், அதை எப்படிப் பங்கு வைப்பது என்று சென்னையிலிருக்கும் இளவரசனின் அண்ணன் போனிலேயே பதறினான். அப்படியானால் புதைத்துவிடலாமென்றால், உயிரோடிருக்கிறவனுக்கு எப்படிக் காரியம் செய்வது என்று ஒருவர் மடக்கினார். கோயிலில் வைக்கலாமென்றார்கள், பூசாரி எழுந்து வெளியே போய்விட்டார். மாட்டு டாக்டரைக் கேட்டார்கள். ஆண் சேராத முட்டை, பொரிக்காது, அது மட்டும் நிச்சயம், உள்ளே யார் இருக்கிறார் என்று பார்க்கும் படிப்பை நான் படிக்கவில்லை என்று அவர் சொன்னார். மூன்று ரவுண்டு டீ குடித்தபிறகு, இது அடுப்படி சமாச்சாரம், பொம்பளைகள் பார்த்துக்கொள்ளட்டும் என்று தண்டபாணி தீர்ப்புச் சொல்லிவிட்டு வேட்டியை உதறி எழுந்தார். இதைத்தான் வாசலில் நின்ற பொம்பளைகள் முதல் டீ வருவதற்கு முன்னாலேயே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பொற்கொடி மறுநாள் காலையில் சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் நறுக்கிப் போட்டு, இரும்புக்கல்லில் நல்லெண்ணெய் விட்டு, முட்டையை ஆம்லெட் போட்டாள். ருக்குமணி முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், வாசனை வந்ததும் திருப்பின முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். மூன்று பேரும் பங்குபோட்டுச் சாப்பிட்டார்கள்.

அன்று சாயங்காலம் இளவரசன் வீடியோவில் வந்தான். வான்கோழியைப் பார்த்தான், மகளைப் பார்த்தான், பொற்கொடியைப் பார்த்து வாயைத் திறந்தான். தெருவில் பைக் ஒன்று போனது. அவன் சட்டைப்பையில் எதையோ வைத்து மறந்த ஆள்மாதிரி கொஞ்சநேரம் தேடிவிட்டு, "சாப்பிட்டியா?" என்றான்.

கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவன் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. பொற்கொடி போனை வைத்துவிட்டுக் கல்லைக் கழுவப் போனாள்; கழுவிக்கொண்டிருக்கும்போது அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. முட்டைக்குள் ஒரு குணம் இருந்திருக்கிறது, அதைத் தின்றாகிவிட்டது.

ரெண்டு நாளைக்கு ஒரு முட்டை வந்தது. ரெண்டாவதில் குறட்டை போயிற்று. குவைத்தில் ஆறுபேரும் பல மாசத்துக்கப்புறம் தூங்கி எழுந்து, அண்ணிக்கு நன்றி என்று குரல் பதிவு அனுப்பினார்கள். மூன்றாவதை மிளகு தட்டிப் போட்டு வறுத்தாள். அதோடு, அம்மா பேச ஆரம்பித்தால் நடுவில் வெட்டுகிற பழக்கம் போய்விட்டது. ருக்குமணி தன் முழங்கால் வலியை முதலிலிருந்து கடைசிவரை நாற்பது நிமிஷம் மகனிடம் சொல்லி முடித்தாள். போனை வைத்தபிறகு ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள்.

"நாளன்னிக்கு போட்டா குழம்பு வைக்கலாமாடி?" என்றாள்.

நாலாவதில் தனக்கு நன்றாகப் பாடவரும் என்ற நினைப்பு போயிற்று. ஐந்தாவதில் உனக்கென்ன தெரியும் என்று கேட்கிறது போயிற்று. அன்றைக்கு அவன் தயங்கித் தயங்கி, சந்தையில் நீ சொன்னது ஒருவேளை சரிதானோ என்று கேட்டான், கேட்டுவிட்டு அவனே வெட்கப்பட்டான். இதற்குள் தெருப் பெண்கள் எல்லாருக்கும் சங்கதி தெரிந்து, ரசம் கடன் வாங்குகிற மாதிரி கிண்ணமும் கையுமாக வந்துபோக ஆரம்பித்தார்கள். எங்கள் வீட்டுச் சேவல் வெறுமனே கூவுகிறது, அதனால் என்ன பிரயோசனம் என்று அலுத்துக்கொண்டார்கள். ஒருத்தி தன் புருஷனின் சேவலை முட்டையிட வைக்க அதன்கீழ் தினமும் ஒரு பிங்பாங் பந்தை வைத்துப் பார்த்தாள். அவள் புருஷன் தோஹாவில் காரணம் தெரியாமல் உட்காரச் சிரமப்பட்டான். இனிமேல் ஊருக்குள் பெட்டை எதுவும் வரக்கூடாது என்று தண்டபாணி அவசரத் தீர்மானம் போட்டார். தலைவர் சரோஜா முதல்முறையாக, கையெழுத்துப் போட மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்றார். கண்ணாடி அவர் மூக்கில்தான் இருந்தது.

பொற்கொடி ஒவ்வொரு முட்டையையும் கல்லின் விளிம்பில் தட்டும்போது, இதில் அது இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். அது என்றால் வேண்டாம் என்கிற அந்தச் சொல். ஒவ்வொரு முட்டைக்குப் பிறகும் சாயங்காலம் போனில் பேச்சோடு பேச்சாகத் தஞ்சாவூர்ப் பயிற்சியை எடுத்துவிடுவாள். இளவரசன் நாளுக்கு நாள் இதமான ஆளாகிக்கொண்டு வந்தான், சாப்பாட்டில் உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளுகிறது போயிற்று, அவள் அண்ணனை எகத்தாளம் பண்ணுகிறது போயிற்று, ஆனாலும் வேண்டாம் என்றான். முன்னே கத்திச் சொன்னதை இப்போது ரொம்ப வருத்தத்தோடு சொன்னான். கத்தினவனிடம் திருப்பிக் கத்தவாவது முடிந்தது. வருத்தப்படுகிறவனை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

எட்டாவது முட்டையை அரைவேக்காடாக அவித்து, மிளகுத்தூள் தூவி, பல் விழுந்த வாயோடு மிருதுளா தனியாகவே தின்றாள்.

அன்று சாயங்காலம் போனில் இளவரசன் மகளைப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்தான். விழுந்த பல்லைக் காட்டச் சொன்னான், காட்டினாள். பள்ளிக்கூடத்தில் என்ன பாட்டு என்று கேட்டான், சொன்னாள். அப்புறம் அவன் நெற்றியைத் தடவிக்கொண்டு, "பாப்பா, உன் பேரு என்னடா?" என்றான்.

மிருதுளா சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அவளை அவனுக்குத் தெரிந்தது, அவள் பிறந்த கிழமை தெரிந்தது, ராத்திரி எந்தப் பக்கம் புரண்டு படுப்பாள் என்று தெரிந்தது, பெயர் மட்டும் இருந்த இடத்தில் இல்லை. அவன் குவைத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். குழந்தை மெதுவாக அம்மா பக்கம் திரும்பினாள்.

"அம்மா, நான் அப்பாவோட எதைத் தின்னுட்டேன்?"

பொற்கொடி அதற்கப்புறம் முட்டையை அடுப்பில் வைக்கவில்லை. ஒன்பதாவதையும் பத்தாவதையும் அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தாள். மிருதுளா மட்டும் விஷயத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். தினமும் போனில் தன் பெயரை அவனுக்கு எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொடுத்து, பத்துத் தடவை எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள், துணைக்கால் விட்டுப்போனால் மறுபடி எழுத வைத்தாள். மூன்றாம் நாளே அவன் பார்க்காமல் சொன்னான், நாலாம் நாள் மறந்தான், மறுபடி எழுதினான்.

ஆனி பதினொன்று. இன்னும் நாலு நாள். பொற்கொடி வாய்க்கால் ஓரத்தில் இருக்கும் வளர்மதியின் வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டுக்கு யாரும் போவதில்லை. வளர்மதி காலிக் கூண்டுக்குள் தலையை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள், ஆள் வந்ததைக் கண்டு தலையை வெளியே எடுக்கவே கொஞ்சநேரம் ஆயிற்று.

"யக்கா, ஒண்ணு கேக்கணும், தப்பா நெனைக்காதீங்க. பக்கத்துல ஆள் இல்லேன்னா நெசமாவே உயிர் போயிருமா?"

வளர்மதி துணியைப் பிழிந்து காயப்போட்டாள். ஆறு வருஷமாக யாரும் கேட்காத கேள்வி என்பதால் பதிலை எங்கே வைத்தோமென்று தேடுகிறவள்மாதிரி நின்றாள்.

"அவரு செத்தது புதன்கிழமை. ஆஸ்பத்திரிக் காயிதத்துலயே இருக்கு. சேவலைக் கீரி கடிச்சது வெள்ளிக்கிழமை. புதன் முன்னால வருதா, வெள்ளி முன்னால வருதான்னு பாக்கத் தெரிஞ்ச ஆம்பள ஒருத்தன்கூட இந்த ஊர்ல இல்ல" என்றாள்.

அப்புறம் அவள் மிச்சத்தைச் சொன்னாள். புதன்கிழமை மத்தியானத்திலிருந்து சேவல் தீனி எடுக்கவில்லை. மேற்கே பார்த்துக்கொண்டே நின்றது. ரெண்டு நாள் அப்படி நின்றுவிட்டு, வெள்ளிக்கிழமை கூண்டைவிட்டுத் தானாக வெளியே வந்து, கீரி வருகிற வழியில் போய் உட்கார்ந்துகொண்டது. அப்போது வளர்மதி அப்பா வீட்டிலிருந்து திரும்பி வந்து, அங்கேயே, ரெண்டு முழம் தள்ளித்தான் நின்றிருந்தாள்.

"உடம்பு போனப்புறம் உயிரு மட்டும் இருந்து என்ன பண்ணும்? அது என்னையப் பாத்து உக்காந்திருக்கல பொற்கொடி. என்னைக்குமே என்னையப் பாத்து உக்காந்திருக்கல."

பொற்கொடி எழுந்தாள், கூண்டைப் பார்த்தாள், இதைத் துடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். வளர்மதி யோசித்து, "அழுக்காகும்" என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, ரெண்டுபேரும் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் தெருவில் யாரோ, கீரிக்காரி வீட்டில் ஏதோ நடக்கிறது என்று தண்டபாணியிடம் போய்ச் சொன்னது.

வீட்டுக்கு வந்து மாமியாருக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, பொற்கொடி எதிரில் சம்மணம்போட்டு உட்கார்ந்தாள்.

"அத்தை, அவரு உயிரு கொல்லைல இருக்கு. என் உயிரு எங்க இருக்கு?"

ருக்குமணி இதை யோசித்ததே இல்லை. மருமகள் பிரசவத்தில் ஜன்னி கண்டு மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்தபோதுகூட ஒரு கோழிக்குஞ்சை எடுத்துவர யாருக்கும் தோன்றவில்லை. "அது உன்கிட்டயேதான் இருக்கும், யாரு வாங்கி வெக்கப்போறா" என்றாள்.

"அப்ப அது என்கூட எங்க வேணா வரலாம்ல?"

ருக்குமணி காபியைக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மிருதுளாவை நான் பார்த்துக்கொள்கிறேன், பள்ளிக்கூடத்துக்கு நேரத்தோடு அனுப்புகிறேன் என்றாள். அப்புறம் கேட்கலாமா வேண்டாமா என்று இழுத்து, பறவையையும் கூட்டிப்போனால் நாற்பத்தைந்து நாள் முட்டையும் அதோடுகூடவே போய்விடுமா, மகன் நடுவில் பேசுகிற பழக்கம் மறுபடி முளைத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். முளைத்தால் போன் பண்ணுங்கள், பார்த்துக்கொள்ளலாம் என்று பொற்கொடி சொன்னாள்.

ஆனி பதினைந்தாம் தேதி காலை ஏழேகால் பஸ்ஸுக்கு அவள் ஒரு கையில் பையும், இடுப்பில் கூடையுமாக வந்து நின்றாள். கூடைக்குள்ளிருந்து இளவரசன் தலையை நீட்டி நாலாபக்கமும் பார்த்தான். கிண்ணம் கொண்டுவருகிற பெண்கள் எல்லாரும் ஏதோ பஸ் ஸ்டாப்பில்தான் தினமும் கோலம் போடுவதுபோல அங்கே கூடியிருந்தார்கள். கடைசியில், ரோட்டுக்கு அந்தப்புறம், வளர்மதி ஈரத்துணி இல்லாத கையோடு நின்றாள். தண்டபாணி ஓடிவந்து வழியை மறித்தார். ஊர் விதி என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்று கேட்டார்.

விதியை நான் மீறவில்லை, பறவையைப் பிரிந்து ஒரு ராத்திரிகூட இருக்கக் கூடாது என்பதுதானே விதி, அதனால்தான் கூடவே கூட்டிப் போகிறேன் என்று பொற்கொடி சொன்னாள்.

"உயிரைப் போயி பஸ்ல ஏத்துறதா?" என்றார் தண்டபாணி.

"உடம்பு ஏரோப்ளேன்லயே போயிருக்கு மாமா. உயிரு பஸ்ல போனா கொறஞ்சா போயிரும்?"

தண்டபாணி மனைவியைப் பார்த்தார். தலைவர் சரோஜா கையை நீட்டினார். கணவரைத் தடுக்க நீட்டினாரோ, பஸ்ஸை நிறுத்த நீட்டினாரோ, பஸ் நின்றுவிட்டது.

கண்டக்டர் வெளியூர்க்காரர். கூடையைப் பார்த்துவிட்டு, பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லை, கோழிக்கு மட்டும் லக்கேஜ் என்றார். அது கோழியில்லை, என் வீட்டுக்காரர், முழு டிக்கெட் கொடுங்கள் என்றாள் பொற்கொடி. அவர் குனிந்து நன்றாகப் பார்த்து, இது பெட்டையாச்சே, பெட்டையென்றால் டிக்கெட் கிடையாதே என்றார். வெளியேதான் பெட்டை, உள்ளே இருப்பது ஆம்பளை என்றாள். அடுத்த ரெண்டு ஸ்டாப்புவரைக்கும் பஸ் முழுக்க இதைப் பற்றியே பேசியது. முடிவில் கண்டக்டர் ஒரு டிக்கெட்டைக் கிழித்து, எதற்கும் இருக்கட்டும் என்று இளவரசனின் அலகிலேயே செருகிவிட்டுப் போனார். இளவரசன் அதை விழுங்கிவிட்டான்.

பயிற்சி மைதானத்தில் முதல் வாரம் முழுக்கப் படம் போட்டு விளக்கினார்கள். ரெண்டாவது வாரம் ஒரு பழைய பஸ்ஸில் ஏற்றினார்கள். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில், இன்ஜின் மூடியின் மேல், கூடையைக் கயிறு போட்டுக் கட்டிவைக்க ஆசிரியர் அனுமதித்தார். அவருக்கும் ஊர் செம்பாலங்குடிக்குப் பக்கம்தான், இதெல்லாம் தெரியும். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். டிராக்டரைவிடப் பெரிசு, ஆனால் அதே மாதிரி உள்ளங்கையில் உயிரோடு துடித்தது. முதல் கியர், ரெண்டாவது, மூன்றாவது. பிரேக் போட்டபோது கூடைக்குள் இளவரசன் முன்னால் சரிந்து, பின்னால் சரிந்து, கொக்கொக் என்றான்.

வண்டியை நிறுத்தியதும் போன் அடித்தது. குவைத்தில் இளவரசன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் வெளிறியிருந்தது, உள்ளங்கையில் மிருதுளா என்று பேனாவால் எழுதியிருந்தது.

"காலையிலேர்ந்து எல்லாம் ஆடுது. தரை ஆடுது, கட்டில் ஆடுது. பொற்கொடி, நான் இப்ப எங்க இருக்கேன்?"

"தஞ்சாவூர்ல" என்றாள். "டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துல."

அவன் வாய் அந்தச் சொல்லைத் தேடி அசைவது அவளுக்குத் தெரிந்தது. அது அவனிடம் இன்னும் பத்திரமாக இருந்தது, எந்த முட்டையிலும் வெளியேறவில்லை, இனி எந்த முட்டையிலும் வெளியேறாது போலிருந்தது. அது அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

"வே..." என்று ஆரம்பித்தான்.

"செத்த இருங்க, ரிவர்ஸ் எடுக்கப்போறேன். கெட்டியாப் புடிச்சுக்குங்க."

"எதப் புடிச்சுக்கிறது?" என்று இளவரசன் கேட்டான். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான்.

"கையில கெடைக்கிறத" என்று சொல்லிவிட்டு, போனைப் பின்சீட்டில் இருந்த, கூடப் பயிற்சி எடுக்கும் பெண்ணிடம் கொடுத்து, கண்ணாடியில் பின்னால் பார்த்து, பொற்கொடி கிளட்ச்சை மெதுவாக விட்டாள்.